தானமாகக் கிடைக்கும் உறைகருவில் பிள்ளை பெற: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

சொந்த முட்டையாலும் விந்தாலும் சரிவராது என்று டொக்டர் சொல்லிவிட்டால், அல்லது ஐவிஎஃப் (முட்டையையும் விந்தையும் லேபில் சேர்த்துக் கருவாக்கும் முறை) செய்து செய்து கையும் மனமும் சோர்ந்துவிட்டால், இன்னும் ஒரு வழி இருக்கிறது. வேறொரு தம்பதி தங்கள் சிகிச்சை முடிந்தபின் மிச்சமான, உறைய வைத்திருக்கும் கருவைத் தானமாகக் கொடுப்பார்கள். அதை உங்கள் கருப்பையில் வைப்பார்கள். சுமப்பதும் பெறுவதும் நீங்கள்தான்.

உப்புவெளியில் இருந்துகொண்டு கொழும்புக்கு அலைந்துதான் நாங்கள் இதைச் செய்தோம். போன இடமெல்லாம் ஹோர்மோன் மாத்திரையைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். எந்தக் கடதாசி எப்போது கையில் இருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் மருந்தைவிடக் கடதாசிதான் அதிகம். மருந்தின் அளவை உங்கள் டொக்டர் சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றுதான்: தானம் செய்தவர்களின் ஒப்புதலும் பரிசோதனை ரிப்போர்ட்டும் உங்கள் ஃபைலுக்குள் வரும்வரை முதல் மாத்திரையைப் போடாதீர்கள். போட்டுவிட்டால் நாள் ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் எந்தக் கேள்வி கேட்டாலும் "பிறகு பார்ப்போம்" என்பதே பதிலாக இருக்கும்.

1. எந்தத் தானம் என்று கேட்டுத் தெளியுங்கள்

"கரு தானம்" என்று சொல்லி இரண்டு வேறு விஷயங்களைத் தருகிறார்கள். ஒன்று, மேலே சொன்னது போல இன்னொரு தம்பதிக்கு மிஞ்சிய கரு. மற்றது, ஒரு பெண்ணிடம் முட்டையும் ஓர் ஆணிடம் விந்தும் வாங்கி, உங்களுக்கென்றே புதிதாக உருவாக்கும் கரு. இரண்டாவதில் முட்டை கொடுக்கும் பெண்ணுக்கான ஊசி, முட்டை எடுக்கும் செலவு எல்லாம் உங்கள் தலையில் வரும். பில் பல மடங்கு வித்தியாசப்படும். கையெழுத்திட வேண்டியவர்களும் வேறு ஆட்கள். முதல் சந்திப்பிலேயே "இந்தக் கரு ஏற்கனவே உறைந்து இருக்கிறதா, இனித்தான் செய்யப் போகிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

மதம் பற்றியும் ஒரு வார்த்தை. மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சகோதரிகள் சிலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். சுன்னி மார்க்க அறிஞர்களில் பெரும்பாலானோர் கணவன் மனைவிக்கு வெளியே மூன்றாம் ஆளின் முட்டை, விந்து, கரு எதையும் ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை ஐவிஎஃப்பையே ஏற்கவில்லை. உங்களுக்கு அது முக்கியமென்றால் காசு கட்டுவதற்கு முன்னரே மௌலவியிடமோ சுவாமியிடமோ பேசிவிடுங்கள். பாதி வழியில் அந்தக் கேள்வி வந்து கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்ற வீடுகளை நான் அறிவேன்.

2. கொழும்பா, இந்தியாவா

திருகோணமலையில் இதைச் செய்ய முடியாது. கொழும்பில் உள்ள தனியார் மையங்களிலும் எல்லாரும் கரு தானம் செய்வதில்லை. போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். மையம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைச் சபையில் பதிவு செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் அங்கே பதிய வேண்டும்.

யாழ்ப்பாணம் பலாலியில் விமானம் ஏறினால் சென்னையில் இறங்கலாம், அங்கே தமிழிலேயே பேசலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை தானத்துக்கோ விந்து தானத்துக்கோ அது சரி. ஆனால் இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, ஒரு தம்பதிக்கு மிஞ்சிய கருவை அதே தம்பதிக்குத்தான் பயன்படுத்தலாம், அல்லது அவர்களின் எழுத்து ஒப்புதலோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். இன்னொரு தம்பதிக்குக் கொடுக்க இடமில்லை. வயது எல்லையும் உண்டு: பெண்ணுக்கு 50க்குக் கீழ், ஆணுக்கு 55க்குக் கீழ். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், சுற்றுலா விசாவில் வாங்க" என்று யாராவது முகநூலில் செய்தி அனுப்பினால் அந்த ஆளைத் தடுத்துவிடுங்கள். சிகிச்சைக்குப் போவதென்றால் மருத்துவ விசாவில்தான் போக வேண்டும்.

கனடாவில் உறவுக்காரர் இருந்தால் "இங்கே ஒரு கரு வாங்கித் தரட்டா?" என்று அன்பாகக் கேட்பார்கள். கனடாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவை வாங்குவதும் விற்பதும் குற்றம். தானமாக மட்டுமே கொடுக்கலாம். அவர்கள் உங்களுக்காகச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

3. ஊரிலேயே முடிக்கக்கூடியதை ஊரிலேயே முடியுங்கள்

கொழும்பில் முதல் நாளே ஒரு நீண்ட பரிசோதனைப் பட்டியல் தருவார்கள். அதில் பெரும்பகுதியைத் திருகோணமலை லேப்களிலேயே செய்யலாம். இரத்த வகை, முழு இரத்தப் பரிசோதனை, சீனி, தைரொய்ட், எச்.ஐ.வி, ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், ருபெல்லா (கர்ப்பத்தில் தொற்றினால் பிள்ளையைப் பாதிக்கும் நோய்) எதிர்ப்புச் சக்தி ஆகியவை கணவனுக்கும் மனைவிக்கும் தேவையானபடி வரும். எந்த ரிப்போர்ட் எத்தனை மாதம் செல்லும் என்று மையத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். தொற்று நோய் ரிப்போர்ட் பழசாகிவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

ருபெல்லாவை எல்லாவற்றுக்கும் முதலில் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் தடுப்பூசி போட்டு, குறைந்தது ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தெரியவந்தால் முழுச் சுழற்சியும் தள்ளிப் போகும்.

ஃபோலிக் அசிட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பிள்ளைக்கு முயற்சி செய்வதாகச் சொன்னாலே போதும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தருவார்கள். கரு தானம் பற்றி அந்த நேரத்தில் அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கருப்பையின் உட்பகுதியைக் கமரா வைத்துப் பார்ப்பதும் முக்கியமான ஸ்கேன்களும் கொழும்பில்தான். அவற்றை ஒரே பயணத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். "நாங்கள் திருகோணமலையில் இருந்து வருகிறோம்" என்று வரவேற்பறையில் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இன்று ஒன்று, நாளை மறுநாள் ஒன்று என்று போட்டுவிடுவார்கள்.

4. உங்கள் கடதாசிகள்

இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ். திருமணச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்துவிடுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துக்கள் அடையாள அட்டையிலும் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். எங்களூரில் பாதிப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறித்தான் இருக்கும்.

முன்பு செய்த சிகிச்சைகளின் ரிப்போர்ட், சத்திரசிகிச்சைக் குறிப்பு, பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, போட்டோக்கொப்பி ஒரு தொகுதி எடுத்து வையுங்கள். மூலப் பிரதியை எவரிடமும் விட்டுவராதீர்கள்.

ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அங்கேயே வைத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஓர் இடத்தில் இதைக் கேட்டபோது தாதி முகத்தைச் சுளித்தார். சுளித்தால் சுளிக்கட்டும். கணவனும் மனைவியும் இருவரும் கையெழுத்திட வேண்டும். கணவர் கட்டாரில் இருக்கிறார், பிறகு போடுவார் என்று தொடங்காதீர்கள்.

5. தானம் செய்தவர்கள் பக்கத்துக் கடதாசி

பெயர் தரமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். பெயர் மறைத்த பிரதியாக இவை உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.

அந்தத் தம்பதி இருவரும் கையெழுத்திட்டுக் கருவைக் கொடுத்ததற்கும் பிள்ளை மீது உரிமை கோரமாட்டோம் என்பதற்கும் அத்தாட்சி. இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. அதனால் இந்தக் கடதாசிக்குப் பெறுமதி அதிகம். ஒரு வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

முட்டை எடுத்தபோது அந்தப் பெண்ணின் வயது. உங்கள் வயதைவிட இதுதான் முக்கியம். கரு தங்குவதும், குரோமோசோம் கோளாறு வரும் வாய்ப்பும் முட்டையின் வயதைப் பொறுத்தவை. 42 வயதில் நீங்கள் சுமந்தாலும் முட்டை 29 வயதுப் பெண்ணுடையது என்றால் 29ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இருவரின் தொற்றுநோய் ரிப்போர்ட்டும், எடுத்த திகதியோடு. இருவரின் இரத்த வகை. குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா என்ற குறிப்பு.

தலசீமியா (பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோய்) ரிப்போர்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மையம் உங்களுக்குத் தலசீமியாப் பரிசோதனை செய்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லும். பிள்ளைக்குப் போவது உங்கள் மரபணு அல்லவே! பார்க்க வேண்டியது தானம் செய்த இருவரின் ரிப்போர்ட்டைத்தான். எங்களுக்கு அதை வாங்கத்தான் அதிக நாள் எடுத்தது. இருக்கிறது, இருக்கிறது என்று வாயால் சொன்னார்கள். ஃபைலில் இருக்கவில்லை.

கடைசியாகக் கருவின் விபரம்: எத்தனை இருக்கின்றன, எத்தனையாம் நாள் கரு, எந்த முறையில் உறைய வைத்தது. 5ஆம் நாள் கருவுக்குப் பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். 4ஏஏ, 3பிபி என்று தரம் எழுதியிருப்பார்கள். இலக்கம் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையும், முதல் எழுத்து பிள்ளையாக வளரும் பகுதியையும், அடுத்த எழுத்து நஞ்சுக்கொடியாக வளரும் பகுதியையும் காட்டும். இப்போதைய வேக உறைவு முறையில் வைத்த கருக்களில் 100க்கு 90க்கு மேல் உருக்கும்போது பிழைக்கின்றன.

கரு பழசு என்று பயப்பட வேண்டாம். மைனஸ் 196 பாகைத் திரவ நைதரசனில் இருக்கும்வரை அதற்கு வயது ஏறுவதில்லை. 1994இல் உறைய வைத்த ஒரு கருவில் இருந்து 2025 ஜூலையில் அமெரிக்காவின் ஒகையோவைச் சேர்ந்த ஒரு தம்பதிக்குப் பிள்ளை பிறந்தது.

6. காசு

தொகை எதையும் இங்கே எழுதவில்லை. மருந்தெல்லாம் இறக்குமதி, சென்ற வருட விலையை நம்பி வந்தால் கொழும்பில் நின்று தவிப்பீர்கள். முட்டை வளர்க்கும் ஊசியும் முட்டை எடுக்கும் சத்திரசிகிச்சையும் இல்லாததால், முழு ஐவிஎஃப்பை விட இது நன்றாகக் குறையும். அதைவிட, பில்லில் எது எது சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னால் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்:

ஸ்கேன்கள் சேர்ந்ததா? கருவை உருக்குவதும் வைப்பதும் சேர்ந்ததா? உருக்கும்போது கரு பிழைக்காவிட்டால் காசு திரும்புமா, அடுத்த கருவை உருக்க மறுபடி கட்ட வேண்டுமா? கருப்பைப் படலம் வளராமல் சுழற்சியை நிறுத்தினால் எவ்வளவு வெட்டுவார்கள்? மிச்சக் கருவை வைத்திருக்க வருடக் கட்டணம் எவ்வளவு?

மருந்து பெரும்பாலும் பேக்கேஜுக்கு வெளியேதான். கர்ப்பம் தங்கிவிட்டால் 10, 12 வாரம் வரை, கர்ப்பத்தைத் தாங்கும் ஹோர்மோனான புரொஜெஸ்டரோனை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தோஷத்தில் மறந்துபோகும் செலவு இது.

கருவுக்கென்று விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் கட்டணம் இருக்கலாம், கருவுக்கு விலை இருக்கக் கூடாது. நகையை அடகு வைத்துப் போகிறவர்கள் முழுக் காசையும் முதல் தடவைக்கே இறக்க வேண்டாம். முதல் தடவையே தங்கும் என்று எந்த நேர்மையான டொக்டரும் சொல்லமாட்டார். இரண்டு தடவைக்குப் பிரித்து வையுங்கள்.

7. நாட்கணக்கு

பரிசோதனைகளுக்கு ஓரிரு மாதம் ஒதுக்குங்கள். பொருத்தமான கரு கிடைக்க எவ்வளவு காலம் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. கரு உறுதியாகி, கடதாசி கைக்கு வந்தபின் ஏறத்தாழ மூன்று வாரம்தான்.

மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாள் ஸ்கேன். அதன்பின் கருப்பைப் படலத்தை வளர்க்கும் ஈஸ்ட்ரஜன் மாத்திரை. 10 முதல் 14 நாளில் மறுபடி ஸ்கேன். கருப்பைப் படலம் 7 மில்லிமீற்றராவது தடித்திருக்க வேண்டும். அது சரியென்றால் புரொஜெஸ்டரோன் தொடங்கும். 5ஆம் நாள் கருவென்றால் புரொஜெஸ்டரோன் தொடங்கி 6ஆம் நாளில் வைப்பார்கள். இந்தத் திகதி அசையாது. புரொஜெஸ்டரோன் தொடங்கும் நேரத்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களுக்கு மாத்திரை இல்லாத இயற்கைச் சுழற்சியும் உண்டு. ஆனால் ஸ்கேனுக்கு அடிக்கடி போக வேண்டும். ஊரில் ஸ்கேன் எடுத்து அளவைப் போனில் அனுப்பினால் ஏற்பார்களா என்று கேளுங்கள், சில டொக்டர்மார் ஏற்கிறார்கள்.

உறைகருவின் பெரிய வசதி, அது காத்திருக்கும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் திகதி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாரி வெள்ளத்தில் கந்தளாய், ஹபரணைப் பாதை மறிபட்டால் புரொஜெஸ்டரோன் கணக்கு மறிபடாது. வைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே கொழும்பில் போய் நில்லுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் தங்கினால் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் கஷ்டமில்லை.

புரொஜெஸ்டரோன் உள்வைப்பு மருந்து சூட்டில் இளகும். பெரும்பாலானவற்றை 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே இருக்கும். ஆவணி வெயிலில் நம் வீட்டு அலுமாரியே அதைத் தாண்டும். பஸ்ஸில் ஐஸ் பையோடு கொண்டுவாருங்கள். திருகோணமலைப் பாமசிகளில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கொழும்பிலேயே இரண்டு வாரத்துக்கு வாங்கிவிடுங்கள்.

8. வைக்கும் நாளும் அதன் பின்னும்

சில நிமிட வேலை. மயக்க மருந்து இல்லை. நிறையத் தண்ணீர் குடித்துச் சலப்பை நிரம்பியிருக்க வேண்டும், அதுதான் உண்மையில் கஷ்டம். வைப்பதற்கு முன் உங்கள் பெயரையும் கருவின் அடையாள இலக்கத்தையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபைலில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு கரு வைக்கவா என்று கேட்டால், ஒன்று போதும் என்பதே என் பக்கம். தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு இரட்டைப் பிள்ளை ஒரே தடவையில் முடிந்த காரியம் போலத் தோன்றும். குறைமாதப் பிரசவமும் உயர் இரத்த அழுத்தமும் இரட்டையில் அதிகம்.

படுத்தே கிடக்கத் தேவையில்லை. படுத்திருப்பதால் கரு தங்கும் வாய்ப்புக் கூடுவதில்லை. பஸ் குலுங்கி விழுந்துவிடும் என்று மாமியார் சொன்னால் சிரித்துவிட்டு ஏறுங்கள். கோணேசர் கோயில் படியும் ஏறலாம்.

கரு வைத்து 9 முதல் 14 நாளுக்குள், கர்ப்பம் தங்கியதா என்று காட்டும் பீட்டா எச்.சி.ஜி இரத்தப் பரிசோதனை. அதைத் திருகோணமலையிலேயே எடுக்கலாம். இடையில் சிறிது இரத்தம் பட்டாலும் டொக்டர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். மாத்திரைச் சுழற்சியில் உங்கள் உடல் தானாகப் புரொஜெஸ்டரோன் சுரக்காது.

9. எச் 512 அட்டை எழுதும் நாள்

6, 7 வார ஸ்கேனில் இதயத் துடிப்புத் தெரிந்தபின் கிளினிக்கில் பதிந்து, எச் 512 என்ற கர்ப்பிணி அட்டையை எழுதுவார்கள். கரு தானம் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிரசவம் பார்க்கும் டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். காரணங்கள் உண்டு.

மிட்வைஃப் கடைசி மாதவிடாய்த் திகதி கேட்பார். மாத்திரைச் சுழற்சியில் அந்தத் திகதி பிழைக்கும். 5ஆம் நாள் கருவென்றால், வைத்த திகதியில் இருந்து 19 நாள் பின்னோக்கி எண்ணிச் சொல்லுங்கள். மே 20 வைத்தது என்றால் மே 1 என்று எழுதுவார், பிரசவத் திகதி பெப்ரவரி 5 வரும்.

11 முதல் 13 வாரத்துக்குள் டவுன் நோய்க்கான பரிசோதனை செய்தால், படிவத்தில் முட்டை கொடுத்தவரின் வயதை எழுத வேண்டும். உங்கள் வயதை எழுதினால் ரிப்போர்ட் தவறாகப் பயமுறுத்தும்.

நீங்கள் ஆர்எச் நெகட்டிவ், கணவரும் நெகட்டிவ் என்றால், வழமையில் பிள்ளையும் நெகட்டிவ் என்று நினைத்து ஆன்டி-டி ஊசியை (நெகட்டிவ் தாயின் உடல் பொசிட்டிவ் பிள்ளையின் இரத்தத்தைத் தாக்காமல் தடுப்பது) விட்டுவிட இடமுண்டு. உங்கள் பிள்ளையின் இரத்த வகை கணவரைப் பொறுத்ததல்ல. இதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தானக் கருவைச் சுமப்பவர்களுக்கு உயர் இரத்த அழுத்தமும் வலிப்புக்கு முந்திய நிலையும் (பிரீ-எக்லாம்ப்சியா) அதிகம் வருகின்றன. அழுத்தம் பார்க்கும் ஒரு கிளினிக்கையும் தவறவிடாதீர்கள். தலையிடி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

10. பிள்ளைக்குச் சொல்வது

உறவினருக்குச் சொல்வது உங்கள் விருப்பம். பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பது எங்கள் முடிவு, அதுவும் பள்ளிக்கூடம் போகும் முன்பே கதை போலத் தொடங்கி. இரத்ததான முகாமில் வகை பார்க்கும்போதோ, உமிழ்நீர் மரபணுப் பரிசோதனையை லண்டன் மாமா பரிசாக அனுப்பும்போதோ தெரியவந்தால் அதைச் சமாளிப்பது பெரும்பாடு. அதனால்தான் 5ஆம் பகுதியில் சொன்ன கடதாசிகளைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

11. பிறப்புப் பதிவும் மிச்சக் கருவும்

பிறந்து 42 நாளுக்குள் பதியுங்கள். மற்ற எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். தாயின் இடத்தில் பெற்றவரின் பெயர், தந்தையின் இடத்தில் கணவரின் பெயர். கரு எங்கிருந்து வந்தது என்று படிவத்தில் கேள்வி இல்லை, நீங்களாகச் சொல்லவும் வேண்டாம். மகவேற்பு வழக்கு எதுவும் போடத் தேவையில்லை. செல்லுபடியான திருமணத்தின்போது பிறக்கும் பிள்ளையைக் கணவரின் சட்டபூர்வமான பிள்ளையாகவே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொள்கிறது.

மூன்று கரு கிடைத்து ஒன்றைத்தான் வைத்தீர்கள் என்றால் மற்ற இரண்டும் யாருடையவை? இதை ஒப்புதல் படிவத்திலேயே எழுத வைக்க வேண்டும். உங்களுக்கென்றே வைத்திருப்பார்களா, எத்தனை வருடம், கட்டணம் தவறினால் என்ன செய்வார்கள், வேண்டாமென்றால் தானம் செய்தவர்களிடம் கேட்பார்களா? இரண்டாம் பிள்ளைக்கு எண்ணம் இருந்தால் வருடக் கட்டணத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். நினைவூட்டல் கடிதம் கொழும்பில் இருந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டிய பற்றுச்சீட்டை அதே ஃபைலில் போடுங்கள். வீடு மாறினாலோ போன் இலக்கம் மாறினாலோ மையத்துக்கு எழுத்தில் அறிவித்து, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள்.